வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்: குடலில் குடியிருப்பவர்களும் வந்துபோகும் விருந்தினரும்

கடந்த இரண்டு மாதங்களாக எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஏதோவொரு வகையில் ‘புரோபயோட்டிக்’ (உடலுக்கு நன்மை தரும் என்று உட்கொள்ளப்படும் உயிருள்ள நுண்ணுயிர்கள்) என்ற சொல்லைத் தொட்டிருந்தன. ஆகவே இம்முறை தலைவலி, மூட்டுவலிக் கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, குடலோடு நிற்கிறேன். பலர் ஒரே விடயத்தைக் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் தெரிவுசெய்து சுருக்கியுள்ளேன்.

*

கேள்வி: என் ஏழு வயது மகனுக்குத் தொண்டை அழற்சிக்காக ஏழு நாட்களுக்கு அன்ரிபயோட்டிக் எழுதித் தந்தார்கள். மருந்து வாங்கிய இடத்தில், கூடவே கொடுக்கும்படி ஒரு பெட்டி புரோபயோட்டிக் பக்கற்றுகளையும் தந்தார்கள். “நல்ல பற்றீரியா, நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்” என்றார்கள். விலையோ அன்ரிபயோட்டிக்கை விட அதிகம். இவை உள்ளே போய் உண்மையில் என்ன செய்கின்றன?
(ஒரு தாய், கொக்குவில்)

பதில்: மகனின் குடலுக்குள் ஏற்கனவே யார் இருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும், சகோதரி. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன என 2016ஆம் ஆண்டில் வெளியான கணிப்பொன்று கூறுகிறது. அவரது சொந்தக் கலங்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி. (நமது கலங்களைப் போலப் பத்து மடங்கு பற்றீரியாக்கள் உண்டு என்று படித்தவர்கள் அந்தப் பழைய கணக்கை இனிக் கைவிட்டுவிடலாம்.) அத்தனையையும் ஒன்றுசேர்த்து நிறுத்தால் 200 கிராம் அளவே வரும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில், ஒட்சிசன் இல்லாத இருளில், நாம் சமிக்க இயலாமல் விட்ட நார்ப்பொருளை உண்டு வாழ்கின்றன. அன்ரிபயோட்டிக் மருந்துக்கு நோய்க்கிருமி எது, நெடுநாள் குடியிருப்பாளர் யார் என்ற வேறுபாடு தெரியாது; அது இரு தரப்பையும் தாக்குவதனால்தான் சில பிள்ளைகளுக்கு மருந்து தொடங்கிய சில நாட்களில் வயிறு இளகுகிறது.

இப்போது பக்கற்றுக்கு வருவோம். அதன்மேல் 1000 கோடி உயிருள்ள பற்றீரியாக்கள் என்று அச்சிட்டிருந்தால், அது மலைக்க வைக்கும் எண்ணாகவே தோன்றும். ஆனால் மேலே சொன்ன தொகையோடு வைத்துப் பார்த்தால், 3,800 பேர் குடியிருக்கும் ஓர் ஊருக்கு ஒரேயொருவர் விருந்தாளியாக வந்திறங்குவதற்கே அது சமமாகும். அந்த விருந்தாளியும் காணி வாங்கி வீடு கட்டுவதில்லை. பக்கற்றை நிறுத்திய சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில், பெரும்பாலானோரின் மலத்தில் அந்த வகையைக் காண முடியாது போகிறது. ஒரே பற்றீரியா சிலரது குடலில் ஓரளவு தங்குவதும் வேறு சிலரது குடலில் உடனேயே வெளியேற்றப்படுவதும் உண்டு. அங்கே முன்பே குடியிருப்பவர்களே அதைத் தீர்மானிக்கிறார்கள்.

தங்காதவர் பயனற்றவர் என்று இதற்குப் பொருளல்ல. கடந்து செல்லும் வேளையிலும் அவை சில காரியங்களைச் செய்யக்கூடும். இலத்திக் அமிலத்தைச் சுரந்து சுற்றுப்புறத்தைப் புளிக்க வைத்து, அமிலம் தாங்காத கிருமிகளின் பெருக்கத்தைத் தடுக்கின்றன; உணவுக்கும் ஒட்டிக்கொள்ளும் இடத்துக்கும் அவற்றோடு போட்டியிடுகின்றன; சில வகைகள் எதிரிகளைக் கொல்லும் சிறு புரதங்களையும் வெளிவிடுகின்றன. குடலின் உட்சுவர் ஒரேயொரு கல அடுக்கால் ஆனது. நாலைந்து நாட்களுக்கு ஒருமுறை அது முற்றாகப் புதுப்பிக்கப்படுகிறது. அந்தச் சுவருக்கு அடுத்த பக்கத்தில், உடலின் நிர்ப்பீடனக் (நோயெதிர்ப்புக்) கலங்கள் ஏராளமாகக் காவலுக்கு நிற்கின்றன. அக்கலங்களுள் ஒருவகை, குடலுக்குள் தன் நீண்ட கிளைகளை நீட்டி, வந்தவர் யார் என்று தொட்டுப் பார்த்து, அச்செய்தியை மற்றக் கலங்களுக்குக் கொண்டுசெல்கிறது. அதன் விளைவாக ஐ.ஜி.ஏ. என்னும் பிறபொருளெதிரி நாளொன்றுக்குச் சில கிராம் கணக்கில் குடலுக்குள் சுரக்கப்பட்டு, கிருமிகள் சுவரில் ஒட்டாதபடி அவற்றைச் சூழ்ந்துகொள்கிறது. கிருமியே படாத கூடுகளில் பிறந்து வளர்க்கப்படும் ஆய்வுகூட எலிகளில் இந்தக் காவல் ஏற்பாடு முழுமையாக வளர்வதில்லை. அவற்றுக்குப் பற்றீரியாக்களைக் கொடுத்தால் வளரத் தொடங்குகிறது. பற்றீரியாக்கள் நிர்ப்பீடனத் தொகுதிக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

“நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்” என்ற வாசகத்தோடு எனக்கு நெடுநாளைய பிணக்கு உண்டு. நிர்ப்பீடனத் தொகுதி வானொலியின் ஒலியைக் கூட்டுவது போலக் கூட்டவேண்டிய ஒன்றாக இருந்தால், தொய்வு (ஆஸ்துமா) நோயாளரும், ஒவ்வாமையால் தும்மிக்கொண்டிருப்பவரும், தன் மூட்டுக்களையே எதிரியாகக் கருதும் முடக்குவாத நோயாளரும் நம்மெல்லோரிலும் ஆரோக்கியமானவர்களாக இருந்திருப்பர். எப்போது தாக்குவது, எப்போது பேசாமலிருப்பது என்ற விவேகமே அதற்குத் தேவை. குடியிருப்புப் பற்றீரியாக்கள் நார்ப்பொருளை நொதிக்கச் செய்து உண்டாக்கும் பியூற்றிரேற்று என்னும் சிறு கொழுப்பமிலம், பெருங்குடல் சுவர்க் கலங்களுக்கு உணவாக இருப்பதோடு, அநாவசியமான அழற்சியை அடக்கும் கட்டுப்பாட்டுக் கலங்களின் வளர்ச்சிக்கும் உதவுகிறது. புரோபயோட்டிக் எடுத்தோருக்குத் தடிமன், இருமல் வருவது சற்றே குறைந்ததாகச் சில சோதனைகள் காட்டியுள்ளன; ஆயினும் அச்சோதனைகளின் தரம் ஒரே சீரானதல்ல.

தங்கள் மகனின் விடயத்தில், ஓரளவு உறுதியான சான்று ஓர் இடத்தில் மட்டும் இருக்கிறது. அன்ரிபயோட்டிக் எடுக்கும் பிள்ளைகளுக்கு வரும் வயிற்றோட்டத்தைப் பற்றி 33 சோதனைகளைத் தொகுத்து 2019இல் வெளியான மீளாய்வில், புரோபயோட்டிக் பெறாதோரில் 19 வீதமானோருக்கும் பெற்றோரில் 8 வீதமானோருக்கும் வயிற்றோட்டம் ஏற்பட்டிருந்தது. அதுவும் எல்லா வகைகளுக்கும் பொருந்துவதன்று. சாக்கரோமைசிசு புளாடியை என்ற மதுவமும் (ஈஸ்ட்), லக்டோபசிலசு ரம்னோசசு ஜீ.ஜீ. என்ற பற்றீரியாவுமே அதில் முன்னிற்கின்றன. (யாழ்ப்பாணத்தாருக்கு ஜீ.ஜீ. என்றதும் அரசியல்தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் அவர்களே நினைவுக்கு வருவார்; இங்கோ அது இதைப் பிரித்தெடுத்த கோர்பாக், கோல்டின் என்ற இருவரின் முதலெழுத்துக்கள்.) மதுவத்தின் கதையும் சுவையானது. 1920ஆம் ஆண்டளவில் இந்தோசீனாவில் வாந்திபேதி பரவியபோது, லீச்சி, மங்குஸ்தான் பழங்களின் தோலை அவித்துக் குடித்து மக்கள் வயிற்றோட்டத்தை அடக்குவதைக் கண்ட புளார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, அப்பழங்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். மதுவமாகையால் பற்றீரியாவைக் கொல்லும் அன்ரிபயோட்டிக் அதைக் கொல்வதில்லை.

மறுபுறத்தில், இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 2018இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், அன்ரிபயோட்டிக் முடிந்தபின் பல வகை கலந்த புரோபயோட்டிக்கை எடுத்தவர்களின் பழைய குடியிருப்புக் கூட்டம் மீளத் திரும்புவதற்கு, ஒன்றுமே எடுக்காதவர்களை விட அதிக காலம் பிடித்தது. விருந்தாளிகள் திண்ணையை விட்டு எழும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே என் ஆலோசனை இதுதான்: அன்ரிபயோட்டிக்கை இடையில் நிறுத்தாது முடித்துவிடுங்கள். முன்னர் இப்படியான மருந்து எடுத்தபோது மகனுக்குக் கடும் வயிற்றோட்டம் வந்திருந்தால், வைத்தியரிடம் கேட்டு, மேற்சொன்ன இரண்டில் ஒன்றை மருந்து எடுக்கும் நாட்களில் கொடுக்கலாம். பற்றீரியா வகையாயின் அதற்கும் அன்ரிபயோட்டிக்குக்கும் இடையில் இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். அவ்வாறான முன்வரலாறு இல்லையென்றால் அந்தக் காசுக்கு மரக்கறியும் பழமும் வாங்குவதே மேல். பெட்டியில் பற்றீரியாவின் பேரினம், இனம் ஆகியவற்றோடு அதன் குறிப்பிட்ட குலவகைக் (இனத்துக்குள் வரும் உட்பிரிவின்) குறியீடும் இல்லாவிட்டால், அது எந்தச் சோதனையில் பயன்பட்டது என்று எவராலும் சொல்ல முடியாது.

*

கேள்வி: பழஞ்சோறும் மோரும் தோசையும் நம் முன்னோர் கண்ட புரோபயோட்டிக் என்று முகநூலில் தினமும் எழுதுகிறார்கள். சோறு ஒரு இரவு ஊறினால் இரும்புச்சத்து இருபது மடங்காகப் பெருகும் என்றும் படித்தேன். அறுபது வருடமாகப் பழஞ்சோற்றுக் குழையல் உண்டு வளர்ந்தவன் என்ற முறையில் மகிழ்ச்சிதான். ஆயினும் விஞ்ஞானம் கற்பித்தவன் என்ற முறையில் சந்தேகமாகவும் இருக்கிறது.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பருத்தித்துறை)

பதில்: தங்கள் சந்தேகம் நியாயமானது, மாஸ்ரர். இரும்பு ஒரு மூலகம். எந்த நொதித்தலாலும் அதை உண்டாக்க முடியாது. சோற்றிலும் ஊற்றிய நீரிலும் பானையிலும் இருந்த இரும்பே காலையிலும் இருக்கும். நொதித்தல் செய்யக்கூடியது வேறொன்று: தானியத்தில் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் பைற்றிக் அமிலத்தின் ஒரு பகுதியை அது சிதைப்பதால், இருக்கும் சிறிதளவு இரும்பு குடலால் சற்று எளிதாக உறிஞ்சப்படலாம். குழையலில் பிழிந்துவிடும் தேசிக்காயின் வைற்றமின் சீயும் அதே வேலையைச் செய்கிறது. இது மதிக்கத்தக்க பயனே. இருபது மடங்கு என்பது கற்பனை.

புரோபயோட்டிக் என்ற சொல்லுக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் 2001இல் வகுத்த வரைவிலக்கணம் இறுக்கமானது: உயிரோடிருக்க வேண்டும், போதிய அளவில் உட்கொள்ளப்பட வேண்டும், உண்பவருக்கு நன்மை உண்டென்பது காட்டப்பட்டிருக்க வேண்டும். பழஞ்சோற்று நீரில் இலத்திக் அமிலப் பற்றீரியாக்கள் ஏராளமாக உள்ளன. ஆனால் தங்கள் வீட்டுப் பானையில் வளர்வதும் அடுத்த வீட்டுப் பானையில் வளர்வதும் ஒரே கூட்டம் அல்ல, இன்றைய கூட்டமும் நாளைய கூட்டமும்கூட ஒன்றல்ல. ஆகவே அதை உயிருள்ள நொதித்த உணவு என்பதே சரி. தோசைக்கு அந்தப் பெயரும் முழுமையாகப் பொருந்தாது. அரைத்த உழுந்து மா இரவில் பொங்குவதற்கு லூக்கொனொசுற்றொக் முதலிய பற்றீரியாக்களே காரணம். கல்லில் வார்த்தவுடன் அவை மடிந்துவிடுகின்றன. மா இலகுவாகச் சமிபாடடைவதும் சுவையும் மிஞ்சும், உயிர் மிஞ்சாது. மோர்க்குழம்புக்கும் இதே கதிதான். உப்பும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப் போட்டுக் குடிக்கும் பச்சை மோரில் உயிர் இருக்கிறது.

உயிருள்ள நொதித்த உணவுகளைக் குறைத்து மதிப்பிடுவதாக எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தயிர் முதலான நொதித்த உணவுகளையும் மற்றப் பகுதியினருக்கு நார்ப்பொருள் மிகுந்த உணவையும் பத்து வாரங்களுக்குக் கொடுத்தனர். நொதித்த உணவு உண்டவர்களின் குடலில் பற்றீரியா வகைகளின் எண்ணிக்கை கூடியது. அழற்சியோடு தொடர்புடைய 19 புரதங்கள் இரத்தத்தில் குறைந்தன. அவர்கள் நாளொன்றுக்கு ஆறு தடவை அளவில் அத்தகைய உணவுகளை எடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாரத்துக்கு ஒரு கோப்பை தயிரிலிருந்து அதே விளைவை எதிர்பார்க்க முடியாது.

புளித்த பாலுக்கு விஞ்ஞானத்தில் இடம் கிடைத்ததும் ஒரு நல்ல கதை. பல்கேரியாவைச் சேர்ந்த மருத்துவ மாணவர் கிரிகோரோவ் 1905இல் அந்நாட்டுத் தயிரிலுள்ள பற்றீரியாவைக் கண்டறிந்தார். பரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மெச்னிக்கோவ், பல்கேரியக் குடியானவர்களின் நீண்ட ஆயுளுக்கு அப்புளித்த பாலே காரணம் என்று எழுதி, தானும் அதைக் குடித்து வந்தார். கிருமிகளை விழுங்கும் வெண்குழியங்களைக் கண்டறிந்தமைக்காக 1908இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே மெச்னிக்கோவ்தான். நீண்ட ஆயுள் பற்றிய அவரது கருத்து நிரூபணமாகவில்லை. ஆனால் குடலையும் நிர்ப்பீடனத்தையும் ஒரே மனிதர் ஒரே மேசையில் வைத்து யோசித்தது தற்செயல் அல்ல.

என்னைக் கேட்டால், பழஞ்சோற்றின் பெருமை விருந்தினரிடத்தில் மட்டுமன்றி, குடியிருப்பவர்களுக்கு அது போடும் சோற்றிலும் இருக்கிறது. வடித்த சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலின் நொதியங்களுக்கு அகப்படாமல் பெருங்குடலுக்குச் சென்று, அங்கே பியூற்றிரேற்றாக மாறுகிறது. தவிடு நீங்காத மொட்டைக்கறுப்பன் அரிசியாயின் நார்ப்பொருளும் கூடவே போகும். பற்றீரியாக்களுக்கு மிக விருப்பமான புறக்டன் என்னும் நார்ப்பொருள் நமது செம்மண் தோட்டங்களில் விளையும் சின்ன வெங்காயத்தில் நிறைய உண்டு. முருங்கையிலை, பயிற்றங்காய், வாழைப்பொத்தி, பயறு, குரக்கன் என்று வகைகள் கூடக்கூடக் குடலின் குடியிருப்பும் விரிவடைகிறது. வெளிநாட்டில் இத்தகைய உணவுக்கு ‘பிரிபயோட்டிக்’ என்று பெயரிட்டுத் தூளாக்கி விற்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும். அரிசியிலுள்ள பசிலசு சீரியசு என்ற பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு நீரின்றி வெக்கையில் கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும், அந்நச்சு மீளச் சூடாக்கினாலும் அழியாது. ஆறியவுடன் தண்ணீர் ஊற்றி மூடிவைப்பதும், நூல் விட்டாலோ வழமைக்கு மாறான மணம் வந்தாலோ கொட்டிவிடுவதும் நம் பாட்டிமார் அறிந்த ஒழுங்குகளே.

*

கேள்வி: கள்ளும் நொதித்ததுதானே, ஐயா? அதிலும் நல்ல பற்றீரியா இருக்குமல்லவா?
(இளைஞர் ஒருவர், சாவகச்சேரி)

பதில்: இருக்கும், தம்பி; மதுவமும் இலத்திக் அமிலப் பற்றீரியாவும் தாராளமாக இருக்கும். அற்ககோலும் இருக்கும், அது குடற்சுவரின் கலங்களுக்கிடையிலான பிணைப்பைத் தளர்த்துவதால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துவிடுகிறது. முட்டியில் சுண்ணாம்பு பூசி இறக்கும் கருப்பணியில் நொதித்தல் தடுக்கப்படுவதால் இந்த வாதத்துக்கே இடமில்லை. கள்ளு விட்டுப் புளிக்க வைத்த அப்பத்தை நான் விரும்பி உண்பேன், சுவைக்காக.

*

கேள்வி: இரண்டு வயதுப் பேத்திக்கு வயிற்றோட்டம் வந்தால் ஜீவனியை விடப் புரோபயோட்டிக் பக்கற்று நல்லதா?
(ஓர் அம்மம்மா, நெல்லியடி)

பதில்: இல்லை, அம்மா. வயிற்றோட்டத்தில் பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாவது நீரிழப்பு. அதைத் தீர்ப்பது ஜீவனி என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் தூளே. பைக்கற்றில் சொன்ன அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் வழமையான உணவையும் நிறுத்த வேண்டாம். வயிற்றோட்டம் உள்ள பிள்ளைகளுக்கு நாகச்சத்தை (சிங்க்) 10 முதல் 14 நாட்கள் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. புரோபயோட்டிக்கைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 971 பிள்ளைகளிடமும் கனடாவில் 886 பிள்ளைகளிடமும் செய்யப்பட்டு 2018இல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில், பக்கற்று எடுத்தவர்களுக்கும் வெறுந்தூள் எடுத்தவர்களுக்கும் இடையில் வேறுபாடு காணப்படவில்லை. மலத்தில் இரத்தம், கண் குழிவு, சலம் குறைதல், சோர்ந்து படுத்தல் ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

*

கேள்வி: கனடாவிலிருந்து அக்கா 5000 கோடி பற்றீரியா கொண்ட போத்தலொன்றை அனுப்பியிருக்கிறார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் அப்பாவின் உடம்பு தேற அதைக் கொடுக்கலாமா?
(மகள், மானிப்பாய்)

பதில்: அப்பாவைப் பார்க்கும் புற்றுநோய் வைத்தியரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம். அம்மருந்துகள் வெண்குழியங்களைக் குறைப்பதோடு குடற்சுவரையும் புண்ணாக்குகின்றன. அந்நிலையில் எந்த உயிருள்ள பற்றீரியாவும், எவ்வளவு நல்லதாயினும், சுவரைக் கடந்து இரத்தத்துக்குள் நுழையக்கூடும். மதுவ வகைகளும் அப்படியே, குறிப்பாகக் கழுத்து நாளத்தில் குழாய் பொருத்தியிருப்போருக்கு. ‘இயற்கையானது, தீங்கில்லை’ என்ற நம்பிக்கைக்கு 2008இல் நெதர்லாந்திலிருந்து ஒரு கசப்பான பாடம் கிடைத்தது. கடும் சதையி (கணைய) அழற்சியால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தொற்று வராமல் தடுக்கும் நோக்கோடு குழாய் வழியே புரோபயோட்டிக் கொடுத்தபோது, அதைப் பெற்றவர்களில் 16 வீதமானோரும் பெறாதவர்களில் 6 வீதமானோரும் இறந்தனர். அக்காவின் அன்பை மறுக்க வேண்டாம்; போத்தலைத் திறக்காமல் வைத்துவிடுங்கள். வெயிலில் பயணம் செய்து வந்த போத்தலில் அச்சிட்ட எண்ணிக்கை அப்படியே உயிரோடிருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

*

கேள்வி: எனக்குச் சத்திரசிகிச்சை மூலமே குழந்தை பிறந்தது. அதனால் குழந்தைக்கு நல்ல பற்றீரியா கிடைத்திருக்காது என்றும், புரோபயோட்டிக் துளி கொடுக்க வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார். மாமியோ சீனித் தண்ணீர் தொட்டு வைக்கச் சொல்கிறார்.
(இளம் தாய், திருநெல்வேலி)

பதில்: இரண்டும் வேண்டாம், மகள். சத்திரசிகிச்சையில் பிறக்கும் குழந்தைகளின் குடலில் முதல் மாதங்களில் பற்றீரியாக் கூட்டம் வேறுபட்டிருப்பது உண்மைதான். வயது ஏற ஏற அவ்வேறுபாடு குறைந்து செல்கிறது. தாய்ப்பாலில் குழந்தையால் சமிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகள் உள்ளன. குழந்தைக்குப் பயனில்லாததைத் தாய் ஏன் சுரக்கிறாள் என்று நெடுங்காலம் எவருக்கும் விளங்கவில்லை. அவை பிபிடோபற்றீரியாவுக்கான உணவு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்திலிருந்து அந்தப் பற்றீரியாவை 1899இல் பிரித்தெடுத்தவர் திசியே என்ற பிரெஞ்சு மருத்துவர். ஆறு மாதம் வரை தாய்ப்பாலை மட்டும் கொடுத்தால், விருந்தினரை அழைத்து அவர்களுக்குச் சமைத்தும் போட்டதாகிவிடும்.

துளிகளை முற்றாகப் பயனற்றவை என்றும் நான் சொல்லவில்லை. இந்தியாவின் ஒடிசாவில் 4,556 சிசுக்களிடம் நடத்தி 2017இல் வெளியான சோதனையில், குறிப்பிட்ட ஒரு லக்டோபசிலசு குலவகையையும் அதற்கான உணவையும் ஏழு நாட்கள் கொடுத்தபோது, குருதித்தொற்றும் மரணமும் 9 வீதத்திலிருந்து 5.4 வீதமாகக் குறைந்தன. அது தொற்று மலிந்த கிராமங்களில், கண்காணிப்போடு, ஒரேயொரு குலவகையைக் கொண்டு செய்யப்பட்டது. கடையில் கிடைக்கும் எந்தத் துளிக்கும் அம்முடிவை ஏற்றிச் சொல்ல முடியாது. குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கு இவற்றைக் கொடுப்பதில் ஆபத்துண்டு என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல் எச்சரித்துள்ளது.

*

கேள்வி: மின்சாரம் இரண்டு மூன்று மணித்தியாலம் நின்றால் குளிர்சாதனப் பெட்டியிலுள்ள யோகட்டின் பற்றீரியா செத்துவிடுமா? எனக்குப் பால் குடித்தால் வயிறு ஊதும், யோகட் ஒத்துக்கொள்கிறது, ஏன்?
(வாசகி, சங்கானை)

பதில்: சாகாது, சூடு ஏற ஏறச் சுறுசுறுப்பாகிப் புளிப்பைக் கூட்டும், அவ்வளவுதான். 60 பாகை செல்சியசுக்கு மேல் சென்றாலே அவை மடியத் தொடங்கும். பாலிலுள்ள இலக்ரோசைச் சமிக்கும் நொதியம் நம்மில் பலருக்கு வளர்ந்தபின் குறைந்துவிடுகிறது. யோகட்டிலுள்ள பற்றீரியாக்கள் அந்த நொதியத்தைத் தம்மோடு சுமந்து வந்து, உங்கள் குடலுக்குள் அந்த வேலையைச் செய்து கொடுத்துவிட்டுப் போகின்றன. புரோபயோட்டிக் பற்றிய பல உரிமைகோரல்களை நிராகரித்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபைகூட இதை மட்டும் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டது. மேற்பரப்பில் நிற்கும் தெளிந்த நீரை ஊற்றிவிட வேண்டாம், கலக்கிச் சாப்பிடலாம். பூஞ்சணம் பூத்திருந்தால் அந்த இடத்தை மட்டும் கரண்டியால் வழித்தெறிந்துவிட்டு மிகுதியைச் சாப்பிடாமல், கோப்பை முழுவதையும் எறிந்துவிடுங்கள்.